மரத்தளத்தில் எண்ணெய் ஊற்றச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீட்டின் மரத்தளம் கால் வைத்தாலே கிரீச்சிடுகிறது, என்ன செய்யலாம் என்று சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். பலகை இடுக்கில் எண்ணெய் விடுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் தளத்தையே பெயர்த்துவிட்டு டைல்ஸ் போடுங்கள் என்று பதில் சொல்லியிருந்தீர்கள். இரண்டுமே தவறு. முதலாவதைச் செய்து கெடுத்துக்கொண்டவள் நான். இரண்டாவதற்கு முன்பணம் கொடுக்கும் வரை போய்த் திரும்பியவள். அந்த வாசகர் எண்ணெய்ப் புட்டியைக் கையில் எடுப்பதற்குள் இது அச்சில் வர வேண்டுமே என்ற அவசரத்தில் எழுதுகிறேன்.

நான் வீட்டிலிருந்தபடி தையல் வேலை செய்கிறேன். கணவருக்கு எப்போதும் இரவுப் பணி. காலையில் வந்து, கீழ் அறையில் மதியம் வரை உறங்குவார். அதற்கு நேர் மேலே பிள்ளைகளின் அறை. எங்கள் வீட்டு மாடித்தளம் முழுக்கப் பலகைதான். கீழே வரிசையாக விட்டங்கள், அவற்றின் மேல் குறுக்காக ஐந்து அங்குல அகலப் பலகைகள், ஒவ்வொரு விட்டத்திலும் இரண்டிரண்டு ஆணி. விடுமுறை நாட்களில் பிள்ளைகள் அலமாரிக்கும் கட்டிலுக்குமாக நடக்கும்போதெல்லாம் கீழே அவர் புரண்டு படுப்பது எனக்குக் கேட்கும். பகலில் உறங்குகிறவரின் உறக்கம் எவ்வளவு மெல்லியது என்பது அந்த வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகள் தங்கள் அறையிலேயே திருடர்களைப் போல நுனிக்காலில் நடக்கப் பழகியிருந்தார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெய் கையில் இருந்தது. சத்தம் வந்த இடுக்குகளிலெல்லாம் சொட்டு சொட்டாக விட்டேன். நான்கு நாள் நிசப்தம். ஐந்தாம் நாள் பழைய சத்தம் திரும்பிவிட்டது. பிறகு இடுக்கை ஒட்டி இரண்டு பக்கமும் மரம் கறுக்கத் தொடங்கியது. தூசியெல்லாம் அந்தக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது. சோப்பு நீரில் தேய்த்தால் கறுப்பு இன்னும் பரவியது. பின்னாளில் அங்கே பசை வைத்து ஒட்டப் பார்த்தபோது பசை பிடிக்கவில்லை. வார்னிஷ் அடித்தால் அந்த இடம் மட்டும் காயாமல் பிசுபிசுத்தது. இரும்போடு இரும்பு உரசினால் எண்ணெய் இடையில் தங்கும். மரம் அதை உறிஞ்சிக்கொள்ளும். உரசும் இடம் மறுபடி காய்ந்துவிடும், கறை மட்டும் மிஞ்சும். இன்றைக்கும் மாடி ஏறியதும் முதலில் கண்ணில் படுவது அந்தக் கறைதான்.

அதன் பிறகு ஒரு ஒப்பந்தக்காரரை வரவழைத்தோம். அறையின் நடுவில் நின்று இரண்டு முறை குதித்துப் பார்த்தார். "இது போன கேஸ்மா, எடுத்துட்டு டைல்ஸ் போட்டுடலாம்" என்றார். குனிந்து ஒரு பலகையைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. எங்களுக்கும் வேறு வழி தெரியாததால் சரி என்றோம். மறுநாள் முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு.

அன்று மாலை ஒரு முதிய தச்சர் அலமாரிக் கதவின் கீலை மாற்ற வந்திருந்தார். தளத்தைப் பெயர்க்கப் போகிறோம் என்றதும் கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க நடங்கம்மா, நான் பார்க்கிறேன்" என்று சொல்லித் தரையில் குப்புறப் படுத்து உள்ளங்கையைப் பலகை மேல் வைத்துக்கொண்டார். நான் ஒவ்வொரு பலகையாக மிதித்து நடந்தேன். சத்தம் கேட்ட இடத்தை நான் காட்டக் காட்ட, அவர் வேறு இடத்தைத் தொட்டார். "சத்தம் வர்ற இடத்தை விடுங்க. பலகை அசையுற இடத்தைப் பாருங்க" என்றார்.

தையல் சாக்பீஸை எடுத்து வந்தேன். கால் வைத்தால் சத்தம் வரும் இடத்துக்குப் பெருக்கல் குறி, பலகை அசையும் இடத்துக்கு வட்டம். அறையும் நடையும் சேர்த்து 17 பெருக்கல் குறிகள். வட்டங்கள் ஒன்பதுதான். ஓரிடத்தில் மிதித்தால் இரண்டு முழம் தள்ளிப் பலகையின் மறுமுனை எழும்பி உரசுகிறது. காதை நம்பி எண்ணெய் விட்டவள் நான். பாதி இடத்தில் விட்டது முற்றிலும் சம்பந்தமில்லாத இடுக்கு.

மரம் ஏன் இப்படி ஆகிறது என்பதை அவர் சொன்னதும் எனக்குச் சட்டென்று விளங்கியது, துணியும் அப்படித்தானே. காற்றில் ஈரம் கூடினால் மரம் ஊதும், குறைந்தால் சுருங்கும். அதிலும் நீளவாக்கில் ஏறக்குறைய மாற்றமே இருக்காது, அகலவாக்கில்தான் எல்லாம். ஐந்து அங்குலப் பலகை ஒன்று ஈரமான மாதத்துக்கும் வறண்ட மாதத்துக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே அகலம் மாறும். நம்பிக்கை வராமல் நானே ஒரே இடுக்கில் பார்த்தேன். வறண்ட மாதத்தில் துணி வெட்டும் மாதிரி அட்டை உள்ளே போனது. மழை ஓய்ந்த வாரத்தில் அதே இடத்தில் ஒற்றைத் தாள் நுழையவில்லை.

இப்படி ஆண்டுக்காண்டு ஊதிச் சுருங்கினால் ஆணி என்ன ஆகும்? பித்தானின் நூல் தளர்ந்த மாதிரிதான். பித்தான் விழுந்துவிடாது, ஆனால் ஆடும். ஆணித் துளை அகன்றுவிடுகிறது. பலகைக்கும் விட்டத்துக்கும் நடுவே நூலிழை அளவு சந்து விழுகிறது. மிதித்தால் பலகை ஆணியின் மேல் வழுக்கிக் கீழே போகும், காலை எடுத்தால் மேலே வரும். சீராக வழுக்கினால் சத்தம் இராது. பிடித்துக்கொண்டு, விட்டு, மறுபடி பிடித்துக்கொண்டு நகர்வதால்தான் கிரீச்சென்று வருகிறது. வயலின் வில் நரம்பில் செய்வதும் இதையேதான். ஜப்பானின் கியோத்தோ நகரில், 1603-இல் எழுந்த நிஜோ கோட்டையின் நடைகள் மிதித்தால் பறவை போலக் கீச்சிடும் என்று என் மகள் படித்துச் சொன்னாள். அங்கும் பலகைக்கு அடியிலுள்ள இரும்புப் பிடிகள் ஆணியோடு உரசுவதால்தான் அந்த ஒலியாம்.

எங்கள் ஒன்பது வட்டங்களில் ஐந்து இந்த ஆணிச் சத்தம். இரண்டில் பலகையோடு பலகை உரசல். ஒரு பலகையின் ஓரத்தில் நாக்கு போல நீட்டி, அடுத்த பலகையின் காடிக்குள், அதாவது அதில் வெட்டிய பள்ளத்துக்குள், நுழைத்திருப்பார்கள். அந்த நாக்கு காடிக்குள் தேயும் சத்தம் சற்று மெல்லியது, தொடர்ந்து வருவது. மீதி இரண்டைப் பிறகு சொல்கிறேன், அவைதான் முக்கியம்.

கீழே இருக்கும் சாமான் அறைக்கு மச்சுப் பலகை அடைக்கவில்லை, விட்டங்கள் வெளியே தெரியும். அதனால் அங்கே மேல்தளத்தைத் தொடாமலே வேலை முடிந்தது. நான் மேலே நடக்க, அவர் ஏணியில் நின்று கைவிளக்கை அடித்துப் பார்த்தார். பலகை இறங்கி ஏறும் இடத்தில் விட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அந்தச் சந்தில், தீட்டிய பென்சில் முனை மாதிரி ஒரு பக்கம் மெலிந்த ஆப்பு ஒன்றை மரப்பசை தடவிக் கையாலேயே நுழைத்தார். பிறகு சிறு சுத்தியலால் இரண்டே தட்டு. அவ்வளவுதான். அடுத்த ஆப்பை என் மகன் வைத்தான். ஆர்வத்தில் நான்கைந்து தட்டு தட்டிவிட்டான். அந்தச் சத்தம் நின்றது, ஆனால் பலகை மேலே தூக்கிக்கொண்டு பக்கத்துப் பலகை கத்த ஆரம்பித்தது. ஆப்பின் வேலை சந்தை நிரப்புவது. பலகையைத் தூக்கினால் அது புது நோயை உண்டாக்கிவிடும். அதைப் பிடுங்கிவிட்டு மெலிதாகச் சீவி மறுபடி வைத்தோம்.

மற்ற இடங்களில் கீழிருந்து வழியில்லை. மேலிருந்து திருகாணிதான். தளர்ந்த ஆணியை மறுபடி அடித்து இறக்குவதில் பயனில்லை, அகன்ற துளை அகன்றதுதான். திருகாணியின் மரை விட்டத்தைக் கவ்விக்கொள்ளும். ஆனால் இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது, தெரியாமல் செய்தால் நேரமும் உழைப்பும் வீண். பலகையில் போடும் துளை, திருகாணி தாராளமாக நுழையும் அளவுக்கு இருக்க வேண்டும். விட்டத்தில் போடும் துளை அதைவிடச் சிறியதாக, மரை கடிக்கும்படி இருக்க வேண்டும். அப்போதுதான் திருகத் திருகப் பலகை இழுபட்டு விட்டத்தில் போய் அமரும். இரண்டிலும் மரை கடித்துக்கொண்டால், இடையிலுள்ள சந்தோடு சேர்த்தே இரண்டையும் பிணைத்துவிடும். துணியின் இரண்டு மடிப்பைச் சுருக்கம் நீக்காமல் ஊசி குத்தினால் சுருக்கத்தோடே தைபடுகிறதல்லவா, அப்படி. திருகாணியின் தலையைப் பலகைக்குள் சற்று இறக்கி, அதே மரத்தில் சின்ன வட்ட முளை சீவி மேலே ஒட்டினோம். மரத்தின் ரேகை ஓடும் திசைக்கே முளையின் ரேகையையும் திருப்பி வைத்தார். இப்போது தேடினால்தான் தெரிகிறது.

விட்டம் எங்கே ஓடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆணித் தலைகளின் வரிசையே காட்டிக்கொடுத்துவிடும். 16 அங்குலத்துக்கு ஒரு விட்டம் என்பது பல இடங்களில் வழக்கமான கணக்கு. அதை நம்பி அளவுநாடாவை மட்டும் பிடித்துத் துளை போட்டுவிடக் கூடாது. எங்கள் வீட்டில் ஓரிடத்தில் 14, ஓரிடத்தில் 19. பழைய தச்சர்கள் கையிலிருந்த மரத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

இனி நான் சொல்லப்போவதை, இடமில்லை என்று வேறெதை வெட்டினாலும், தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள். நடையில் முதல் துளை போட நான் ட்ரில்லை வைத்துவிட்டேன். ஆணி வரிசையின் மேல்தான், விட்டத்துக்கு நேராகத்தான். அவர் என் கையைத் தடுத்தார். "இந்தப் பக்கம் குளியலறை இருக்கே, ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்துடலாம்மா" என்றார். சுவரோரம் இருந்த குட்டைப் பலகை ஒன்றை நெம்பி எடுத்தோம். அடியில் தண்ணீர்க் குழாய். விட்டத்தின் தலையில் காடி வெட்டி அதற்குள் குழாயைப் படுக்க வைத்து மேலே பலகையை அடித்திருந்தார்கள். பலகைக்கும் குழாய்க்கும் இடையே ஒரு விரல்கூட இல்லை. நான் வைத்திருந்த திருகாணி 50 மில்லிமீட்டர், பலகை 22 மில்லிமீட்டர். நேராகக் குழாயின் நடுவில் இறங்கியிருக்கும். அதே காடியை ஒட்டி ஒரு மின்கம்பியும் ஓடியது. பழைய வீடுகளில் குழாயும் மின்சாரமும் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை. போட்டவர்களுக்கு எது சுலபமோ அந்த வழியில் போட்டிருப்பார்கள். குளியலறை, சமையலறை, சுவிட்ச் பலகை ஆகியவற்றின் அருகே பலகையைத் தூக்கிப் பார்க்காமல் துளை போடாதீர்கள். வேலை நடக்கும்போது அந்தப் பகுதியின் மின்சாரத்தை நிறுத்திவையுங்கள். குழாய் இருந்த இடத்தில் நாங்கள் திருகாணியே போடவில்லை. விட்டத்தின் பக்கவாட்டில் சிறு கட்டை ஒன்றைப் பிணைத்துப் பலகையை அதன் மேல் அமர்த்தினோம்.

நாக்கும் காடியும் உரசிய இரண்டு இடங்களுக்கு டால்கம் பவுடர் போதும். இடுக்கில் தூவி, மென்மையான தூரிகையால் உள்ளே தள்ளி, அதன் மேல் சிறிது நேரம் நடக்க வேண்டும். கிராஃபைட் தூளும் வேலை செய்யும், வெளிர்நிற மரத்தில் கறை தெரியும். இது நிரந்தரமில்லை. சில மாதங்களில் மறுபடி தூவ வேண்டியிருக்கிறது, தூவுகிறேன். இடுக்கை மக்கு வைத்து அடைத்துவிடலாமே என்று வறண்ட மாதத்தில் எனக்கும் தோன்றியது. அடைத்தால் ஈரமான மாதத்தில் ஊதும் பலகைக்குப் போக இடம் இருக்காது. மக்கு நொறுங்கித் தெறிக்கும், இல்லையென்றால் பலகை மேலெழும்பும்.

மிச்சமிருந்த இரண்டு வட்டங்களுக்கு வருகிறேன்.

ஒன்று, அந்தக் குழாய்க்காகக் காடி வெட்டிய விட்டம். அங்கே வந்தது கிரீச்சென்ற சத்தமில்லை, தாழ்ந்த முனகல். அந்த இடத்தில் நின்று குதிகாலை அழுத்தினால் அலமாரியின் கண்ணாடி அதிர்ந்தது. மேல்பகுதியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எடுத்துவிட்டதால் விட்டமே வளைந்து கொடுத்தது. ஆப்பும் திருகாணியும் இதற்கு உதவாது. அதே உயரமுள்ள துணை விட்டம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து போல்ட் போட்டு முறுக்கினார். பக்கத்து விட்டங்களுக்கும் இதற்கும் நடுவே குறுக்குக் கட்டைகள் கொடுத்தார். இது வீட்டில் உள்ளவர்கள் செய்யும் வேலையில்லை. தளம் தொய்ந்திருந்தாலோ, பந்து வைத்தால் உருண்டோடினாலோ, நடந்தால் துள்ளினாலோ, அனுபவமுள்ள தச்சரையோ பொறியாளரையோ அழைப்பதுதான் முறை.

இன்னொன்று குளியலறை வாசல். அங்கே சத்தம் மழுங்கலாக இருந்தது, தலையணையை மிதித்த மாதிரி. அவர் குத்தூசியை எடுத்துப் பலகையில் ஊன்றினார். நல்ல மரத்தில் ஊசி முனை மட்டும் பதியும். இங்கே அரை விரல் உள்ளே இறங்கியது, நீர் கசிந்தது. பலகையை எடுத்தபோது ஈரமண் வாசம். குழாயின் இணைப்பு ஒன்று எத்தனை நாளாகவோ சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. விட்டத்தின் தலைப்பகுதி பழுப்பேறிச் சதுரம் சதுரமாக வெடித்திருந்தது. விரலால் தேய்த்தால் பொடி. வீட்டுக்குள் இருக்கும் மரத்தில் ஈரம் பொதுவாக 8 முதல் 12 விழுக்காடு. அது 20-ஐத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டால் பூஞ்சைக்கு இடம் கிடைத்துவிடுகிறது. இணைப்பைச் சரிசெய்து, அழுகிய பகுதியை நல்ல மரம் தெரியும் வரை வெட்டி எடுத்து, புது மரம் வைத்தோம். மூன்று பலகைகள் போயின. அவற்றைக் காப்பாற்ற வழியில்லை, காப்பாற்றவும் கூடாது.

தங்கள் பதிலில் எனக்கு மிகவும் வலித்தது இதனால்தான். எடுத்துவிடலாம் என்று முதலில் சொன்னாலும், முன்பணம் கொடுத்தால் இருக்கும் பலகை மேலேயே சிமெண்ட் அட்டை அடித்து டைல்ஸ் ஒட்டுவதாகத்தான் அந்த ஒப்பந்தக்காரர் முடிவில் சொல்லியிருந்தார். சொட்டிக்கொண்டிருந்த குழாய் அதன் அடியில் சொட்டிக்கொண்டே இருந்திருக்கும். அழுகிய விட்டத்தின் மேல் கூடுதல் பாரம் ஏறியிருக்கும். ஆடும் தளத்தில் ஒட்டிய ஓடு எப்படியும் விரிசல் விடும். அந்த விரிசல் வழியே குளியலறைத் தண்ணீரும் இறங்கியிருக்கும். மேலே என் பிள்ளைகள், கீழே உறங்கும் என் கணவர். அந்த வாசல்படியைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது.

ஒன்றை மறந்துவிட்டேன். பழுதுபார்த்த சூட்டில் தளம் முழுவதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதிதாக்கிவிடலாம் என்று பலர் கிளம்புவார்கள். பழைய பெயின்ட் பூசிய மரமானால் அவசரப்படாதீர்கள். ஒரு காலத்தில் பெயின்டில் ஈயம் கலப்பது சாதாரணம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-இல்தான், பல நாடுகளில் அதற்கும் பிறகு. தேய்த்த தூள் காற்றில் கலந்தால் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். முதலில் பெயின்டைச் சோதித்துப் பாருங்கள்.

வேலை முழுக்க ஆறு நாள் ஆயிற்று. ஒப்பந்தக்காரர் கேட்டதில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. இது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் கணக்கு என்று சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் கெட்டிருந்தது அவ்வளவுதான்.

தாங்கள் வரும் ஞாயிறே ஒரு திருத்தம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எண்ணெய் வேண்டாம் என்பதும், அடியில் என்ன ஓடுகிறது என்று பார்க்காமல் துளை போடக் கூடாது என்பதும் அதில் கட்டாயம் இடம்பெறட்டும். கேள்வி கேட்ட வாசகரிடம் ஒரு சாக்பீஸும், கூட நடந்து பார்க்க ஓர் ஆளும் இருந்தால் இன்றே தொடங்கிவிடலாம் என்றும் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மாடிப்படியின் நான்காம் படி மட்டும் இன்னும் கிரீச்சிடுகிறது. படிக்குக் கீழே முக்கோணக் கட்டை வைத்து ஒட்ட வேண்டுமாம். கட்டையைத் தச்சர் சீவி வைத்துவிட்டார், வரும் வாரம் மகன்தான் ஒட்டப் போகிறான்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழை நெடுநாளாக வாசித்துவரும்
ஒரு தையல்காரப் பெண்